களைத்தபோதும் ஊழியத்தில் நிலைத்திருக்க

கிறிஸ்துவுக்குள் அன்பான ஆதரவாளர்களே,



உங்கள் காணிக்கையோடு நீங்கள் அனுப்பும் ஜெபக் குறிப்புகளை ஒவ்வொரு வாரமும் மருத்துவமனைச் சிற்றாலயத்தில் வாசித்து ஜெபிக்கிறோம். சுகவீனம், பிள்ளைகளின் படிப்பு, திருமணக் காரியம், கடன் தொல்லை என்று பலவிதமான விண்ணப்பங்கள் வருகின்றன. அவற்றின் நடுவே ஒரு விண்ணப்பம் மட்டும் வெவ்வேறு கையெழுத்துகளில் திரும்பத் திரும்ப வருகிறது. படுத்த படுக்கையாய் இருக்கும் மாமியாரை ஆண்டுக்கணக்காகப் பராமரிக்கும் மருமகள், ஒரே ஆளாக ஞாயிறு பள்ளியை நடத்தும் ஆசிரியை, நான்கு கிராமச் சபைகளைக் கவனிக்கும் உபதேசியார் ஆகியோர் கேட்பது ஏறக்குறைய ஒன்றே. செய்வது கர்த்தருடைய வேலை என்று தெரிகிறது, விட்டுவிடவும் மனமில்லை, ஆனால் சரீரமும் மனமும் ஒத்துழைக்கவில்லை; இது அவிசுவாசமா?

அவிசுவாசம் அல்ல என்பதே என் பதில். ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு உங்களை அனுப்பிவிட மனமில்லை. நான் இதைக் கற்றுக்கொண்ட விதத்தையும் சொல்ல வேண்டும். அது எனக்குப் பெருமை தரும் கதை அல்ல.

நான் தவறிய ஒரு மாலை

1997-ம் ஆண்டு மழைக்காலம். அப்போது நான் வேறொரு மருத்துவமனையில் ஊழியம் செய்துகொண்டிருந்தேன். காய்ச்சல் நோயாளிகள் நிரம்பி, வராந்தாவிலும் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். போதகர் நான் ஒருவன்தான். அந்த வாரத்தில் இரண்டு அடக்க ஆராதனைகள் வேறு.

ஆண்கள் வார்டில் ஒரு விவசாயி இருந்தார். நாவில் புற்றுநோய். பேச முடியாது, சிலேட்டில் எழுதிக் காட்டுவார். மத்தியானம் நான் போனபோது, இரவை நினைத்தால் பயமாயிருக்கிறது, வந்து ஜெபம் பண்ணுங்கள் என்று எழுதினார். மாலை ஜெபக் கூட்டம் முடிந்ததும் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து, ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று நாற்காலியில் சாய்ந்தேன். கண் விழித்தபோது விடியற்காலை. ஓடிப்போய்ப் பார்த்தேன். மெத்தை சுருட்டப்பட்டிருந்தது. ஆயா தரையைப் பினாயில் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி ஒரு துணி மூட்டையோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, "ஐயா வருவீங்க வருவீங்கன்னு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாருங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாயிருந்திருக்கும்.

அன்று நான் ஒரு தீர்மானம் எடுத்தேன், இனி தூக்கத்துக்கு இடங்கொடுப்பதில்லை என்று. அது தவறான தீர்மானம். மூன்று மாதம் முன்னிலும் அதிகமாக ஓடினேன். ஜெபங்கள் குறுகிப்போயின. நோயாளியின் பெயரைக் கேட்பேன்; அடுத்த படுக்கைக்கு வருமுன் மறந்துபோகும். ஒருநாள் ஒரு நோயாளியின் உறவினர் என்னைத் தேடி வருவதைக் கண்டு, எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். அன்று இரவு ராஜினாமாக் கடிதம் எழுதினேன்.

அந்தக் கடிதத்தைக் கொடுக்கவிடாமல் தடுத்தவர் இறையியல் கல்லூரியில் படித்தவர் அல்ல. தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அதே ஆயா. என் முகவாட்டத்தைக் கண்டு விசாரித்தார். அந்த விவசாயியின் காரியத்தை அவரிடம் சொன்னேன். அவர் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "அன்னைக்கு ராத்திரி நான்தானே ஐயா டூட்டி. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் போய் அவரு கையப் புடிச்சு ஒரு ஜெபம் பண்ணியிருப்பேனே. ஜெபம் ஐயாவுக்கு மட்டுமா சொந்தம்?"

நான் தூங்கியது என் குற்றம் என்று நினைத்திருந்தேன். என் குற்றம் அது அல்ல. கர்த்தருடைய வேலையை என் ஒருவனுடைய கையிலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததே என் குற்றம்.

களைப்பு வேறு, சோர்வு வேறு

களைப்பு என்பது வேலையின் கூலி. நன்றாய்ச் சாப்பிட்டு, இரண்டு இரவு தூங்கி எழுந்தால் போய்விடும். அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆண்டவரே யாக்கோபின் கிணற்றருகே பிரயாணத்தால் இளைப்படைந்து உட்கார்ந்தார். படகின் பின்னணியத்தில் புயலிலும் தூங்கினார்.

சோர்வு அப்படியல்ல. ஓய்வெடுத்தாலும் தீராமல் உள்ளத்தில் தங்கிவிடுவது அது. உலக சுகாதார நிறுவனம் 2019-ம் ஆண்டில், வேலையினால் உண்டாகும் இந்நிலைக்கு மூன்று அடையாளங்களைக் குறித்தது. முதலாவது, சத்து முழுவதும் வற்றிப்போன உணர்வு. இரண்டாவது, செய்யும் வேலையிலிருந்து மனம் விலகி, கசப்பும் ஏளனமும் குடிகொள்வது. மூன்றாவது, நான் செய்வதால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்ற எண்ணம். இதை அவர்கள் ஒரு வியாதியாக வகைப்படுத்தவில்லை. நீண்டகால வேலைப் பாரம் சரிவரக் கையாளப்படாததன் விளைவு என்றே சொன்னார்கள். எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் நான் ஒளிந்தது இரண்டாவது அடையாளம் என்று பின்னாளில் விளங்கிற்று.

திருச்சபைக்கு இது புதிய செய்தி அல்ல. 4-ம் நூற்றாண்டில் எகிப்தின் வனாந்தரத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியஸ் இதைப் பற்றி விவரமாக எழுதியிருக்கிறார். நடுப்பகலில் துறவிக்குச் சூரியன் நகராமல் நிற்பதுபோல் தோன்றும். யாராவது வருகிறார்களா என்று வாசலையே பார்ப்பான். இருக்கும் இடம் வெறுத்துப்போகும். சகோதரருக்குள் அன்பே அற்றுப்போயிற்று என்று தோன்றும். வேறு ஊரில் போய் ஊழியம் செய்தால் நன்றாயிருக்கும் என்று எண்ணுவான். பதினாறு நூற்றாண்டுகள் கழித்து வாசிக்கும்போதும், நம் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து எழுதினதுபோல் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேலாகத் துக்கம் நீங்காமல், தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் சந்தோஷமில்லாமல் இருந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம் வந்தாலோ, இரண்டு வாரம் வரை காத்திருக்கக் கூடாது; உடனே வீட்டார் ஒருவரிடம் சொல்லி மருத்துவரிடம் போக வேண்டும். சர்க்கரை வியாதிக்கு மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் இல்லையென்றால் இதுவும் அவிசுவாசம் இல்லை.

எலியாவுக்குக் கர்த்தர் செய்த சிகிச்சை

1 இராஜாக்கள் 19-ம் அதிகாரத்தை ஒரு மருத்துவமனைக் குறிப்பைப்போல் வாசித்துப் பாருங்கள். கர்மேல் பர்வதத்தில் பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேருக்கு எதிரே தனியாக நின்றவர் எலியா. மறுநாள் ஒரு ஸ்திரீயின் மிரட்டலுக்குப் பயந்து ஓடுகிறார். பெயெர்செபா வந்ததும் தன் வேலைக்காரனை அங்கேயே விட்டுவிட்டு, ஒருநாள் பிரயாணமாக வனாந்தரத்துக்குள் தனியே போகிறார். சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவைக் கேட்கிறார்.

வேலைக்காரனை விட்டுவிட்டுப் போனார் என்பதை நாம் சாதாரணமாய்க் கவனிப்பதில்லை. மருத்துவமனையில் இத்தனை ஆண்டுகள் கழித்த எனக்கு அதுவே முதல் அறிகுறியாகப் படுகிறது. சோர்ந்துபோகிறவன் முதலில் தன்னோடிருக்கிறவனைத்தான் விட்டுவிடுகிறான்.

கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. முதலில் தூங்கவிட்டார். தூதன் தட்டியெழுப்பி, சூடான அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டு மறுபடியும் தூங்கினார். இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் செய்தான். உபதேசம் ஒன்றும் இன்னும் ஆரம்பிக்கவில்லை. பின்பு ஓரேபில், நீ இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டு, அவருடைய புலம்பலை முழுவதும் கேட்டார். அதுவும் இருமுறை. எலியா இருமுறையும் அதே புலம்பலைச் சொன்னார், தான் ஒருவனே மீதியாயிருப்பதாக.

அதற்குக் கர்த்தர் கொடுத்த மறுமொழி மூன்று பகுதியுள்ளது. திரும்பிப்போய்ச் செய்யவேண்டிய வேலையைக் கொடுத்தார். அந்த வேலையில் ஒன்று, தன் ஸ்தானத்தில் எலிசாவை அபிஷேகம்பண்ணுவது. கடைசியாக, பாகாலுக்கு முடங்காத ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்று கணக்குச் சொன்னார். அதாவது, ஆகாரம், தூக்கம், கேட்கும் செவி, இவற்றுக்குப் பின்பு ஒரு துணையாள். எலியா ஊழியத்தை விட்டுவிடவில்லை. ஆனால் அதன்பின் எலிசா பின்சென்று அவருக்கு ஊழியஞ்செய்தான் என்று அந்த அதிகாரம் முடிகிறது. வேலைக்காரனை விட்டுவந்தவருக்குக் கர்த்தர் ஒரு மகனையே கொடுத்தார் என்று சொல்லலாம்.

யாத்திராகமம் 17-லும் இதே பாடம்தான். மோசேயின் கைகள் அசந்துபோயின. ஆரோனும் ஊரும், இன்னும் அதிகமாய் விசுவாசி என்று அவருக்குப் பிரசங்கிக்கவில்லை. ஒரு கல்லை எடுத்து வந்து உட்காரவைத்து, இருபுறமும் கைகளைத் தாங்கினார்கள். சூரியன் அஸ்தமிக்குமட்டும் கைகள் நிலையாயிருந்தன.

மலைமேல் கட்டப்பட்ட வீடுகள்

நம் நாட்டு மிஷன் சரித்திரமும் இதற்குச் சாட்சி. 1834-ல் மதுரையில் ஊழியத்தைத் தொடங்கிய அமெரிக்க மிஷனரிகள், காலராவுக்கும் காய்ச்சலுக்கும் தங்கள் கூட்டத்தாரைப் பறிகொடுத்தார்கள். சமவெளியின் வெயிலிலேயே இருந்து மடிவதுதான் அர்ப்பணிப்பு என்று அவர்கள் இருந்துவிடவில்லை. 1845-ல் கோடைக்கானல் மலையில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். ஓய்வு அவர்களுக்குச் சுகபோகமாயிருக்கவில்லை. ஊழியம் நீடிப்பதற்கான ஏற்பாடாயிருந்தது. ஆனால் அந்த வீடுகள் மிஷனரிக் குடும்பங்களுக்காகக் கட்டப்பட்டவை. கிராமம் கிராமமாய் நடந்த நம் உபதேசியார்களையும் வேதாகம ஸ்திரீகளையும் பற்றி, அவர்களுக்கு ஓய்வு எங்கே என்று கேட்க நாம் கடமைப்பட்டிருக்கிறோம். இன்றும் அதே கேள்வி இருக்கிறது.

வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ம் ஆண்டு தம் பணியைத் தொடங்கினார். 1902-ல் மருத்துவமனை உண்டாயிற்று. பெண் நோயாளிகள் கூட்டம் கூட்டமாய் வந்தார்கள். ஒரு டாக்டரால் ஆகாத காரியம். 1909-ல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் திறந்தார். தாம் இரவெல்லாம் விழித்திருந்தாலும் பார்த்து முடியாத நோயாளிகளை, தாம் பயிற்றுவித்த பெண்கள் பார்க்கும்படி வழிசெய்தார். ஆண்டுதோறும் கோடையில் மலைக்குப் போய்த் தங்கினார். முதிர்வயதிலும் டென்னிஸ் ஆடினார். பின்னர் டாக்டர் ஹில்டா லாசரஸ் அம்மையார் அந்நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநரானார். ஐடா அம்மையார் 1960-ல் கோடைக்கானலில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தபோது அவருக்கு வயது 89. வேலை நின்றுபோகவில்லை.

சிஸ்டர்களிடம் நான் கற்ற பாடம்

எந்த மருத்துவமனையிலும் டியூட்டி மாறும் நேரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? இரவு முழுவதும் விழித்திருந்த சிஸ்டர், கைப்பையை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய்விடமாட்டார். அடுத்து வரும் சிஸ்டரைக் கூட்டிக்கொண்டு படுக்கை படுக்கையாய்ப் போவார். இவருக்கு இரவில் காய்ச்சல், இவருக்கு டிரிப்ஸ் முடியப் போகிறது, இந்த அம்மா மகனைத் தேடி அழுதார்கள் என்று ஒவ்வொன்றாய்ச் சொல்லி ஒப்படைத்துவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அதன்பின் நிம்மதியாய்த் தூங்கலாம். நோயாளியும் கைவிடப்படவில்லை.

2021-ம் ஆண்டு கொரோனாவின் இரண்டாம் அலையில், பாதுகாப்பு உடைக்குள் வியர்வையில் நனைந்து வெளியே வந்த சிஸ்டர்களும் இதைச் செய்யாமல் போகவில்லை. நிற்கவே பலமில்லாதபோதும் ஒப்படைத்தார்கள்.

விட்டுவிடுவது வேறு, ஒப்புவிப்பது வேறு. விட்டுவிடுகிறவன் சொல்லாமல் போகிறான். ஒப்புவிக்கிறவன் சொல்லிவிட்டுப் போகிறான். உத்தமமாயிருப்பது என்றால் கடைசிவரை நானே தாங்குவது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். நான் தூங்கும்போதும் என் வாக்கு நிறைவேறும்படி பார்த்துக்கொள்வதே உத்தமம்.

அந்த ஆயாவின் வார்த்தைக்குப்பின் நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, சிஸ்டர்கள் மேஜையில் வைத்தேன். யாருக்கு எப்போது வருகிறேன் என்று சொன்னேனோ அதை அதில் எழுதுவேன். நான் வர முடியாவிட்டால், பார்க்கிற விசுவாசி ஒருவர் போக வேண்டும் என்று ஏற்பாடு. முதலில் போனவர் அந்த ஆயாதான். இன்றைக்கு ஊழியம் செய்யும் இந்த மருத்துவமனையிலும் அப்படி ஒரு நோட்டு இருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

1. உங்கள் பொறுப்புகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, நான் நாளைக்குப் படுத்துவிட்டால் இதைச் செய்ய யார் என்று எழுதுங்கள். பெயரில்லாத இடமே உங்கள் பாரம் இருக்கும் இடம். அதற்கு ஓர் ஆளைத் தேடுவது இந்த மாத வேலையாக இருக்கட்டும்.

2. கேட்பதற்கு வெட்கப்படாதிருங்கள். பவுல் அப்போஸ்தலன் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, துரோவாவில் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரும்படி கேட்கிறார். மாற்குவையும் கூட்டிவரச் சொல்கிறார். மாரிக்காலத்துக்கு முன்னே வரும்படி அவசரப்படுத்துகிறார். குளிருக்குப் போர்வையும் பேச்சுக்குத் துணையும் கேட்பது அப்போஸ்தலனுக்கே தாழ்வாயிருக்கவில்லை.

3. வாரத்தில் ஒரு பாதி நாளாவது பிரித்துவையுங்கள். அது குலைந்துபோனால் மனங்கசக்காதிருங்கள். மாற்கு 6-ல், சாப்பிடவும் நேரமில்லாத சீஷர்களை ஆண்டவர் ஓய்வுக்காகப் படவில் கூட்டிப்போனார்; ஜனங்கள் முந்திக்கொண்டு கரையில் நின்றார்கள். அவர்கள்மேல் மனதுருகினார். ஆனால் போஜனம் முடிந்தவுடன் சீஷர்களை முன்னே அனுப்பிவிட்டு, ஜனங்களைத் தாமே அனுப்பி, ஜெபம்பண்ண மலையின்மேல் ஏறினார். இழந்த ஓய்வை அன்று இரவே மீட்டுக்கொண்டார்.

4. ஜெபிக்கப் பலமில்லாத நாளில், உங்களுக்காக ஜெபிக்க இன்னொருவரைக் கேளுங்கள். வாதக்காரனை நான்குபேர் சுமந்து வந்தார்கள். ஆண்டவர் பார்த்தது அவர்களுடைய விசுவாசத்தை.

5. உங்கள் சபையில் களைத்தவர் யாரென்று பாருங்கள். படுக்கையாய்க் கிடப்பவரை நலம் விசாரிக்கப் போகும்போது, அவரைப் பராமரிப்பவரையும் விசாரியுங்கள். மாலையில் இரண்டு மணிநேரம் நீங்கள் உட்கார்ந்துகொண்டு அவரைத் தூங்க அனுப்புங்கள். பிரசங்கத்தைவிட அது அவருக்கு உதவும். போதகருக்கும் உபதேசியாருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை ஓய்வு கிடைக்கிறதா என்று சேகரக் குழுவில் கேளுங்கள்.

அன்பானவர்களே, உங்கள் காணிக்கை மருந்துக்கும் கருவிகளுக்கும் ஏழைகளின் சிகிச்சைக்கும் செலவாவதை அறிவீர்கள். அதன் ஒரு பங்கு, விடுப்பில் போகும் சிஸ்டருக்குப் பதிலாக வேறொருவரை வைக்கவும் உதவுகிறது. அது கணக்கில் சிறிய தொகையாய்த் தெரியும். ஆனால் அது மோசேயின் கீழே வைக்கப்பட்ட கல். அதற்காக உங்களுக்கு நன்றி சொல்லுகிறேன். பக்கத்திலிருக்கும் சபையார் மாலை வேளைகளில் வார்டு சந்திப்புக்கு முன்வந்தால், நோட்டில் உங்கள் பெயரையும் எழுதிக்கொள்வோம்.

முடிக்குமுன் ஒரு காட்சி. சிலுவையில் ஆண்டவர் அடைந்த களைப்புக்கு ஒப்பான களைப்பு ஒன்றுமில்லை. அந்த வேளையிலும் ஒரு மகனின் கடமை அவர்மேல் இருந்தது. அவர் அதை விட்டுவிடவில்லை. அருகில் நின்ற சீஷனிடம் தம் தாயை ஒப்புவித்தார். அந்நேரமுதல் அந்தச் சீஷன் அவளைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்டான். அதன்பின் தம் ஆவியைப் பிதாவின் கைகளில் ஒப்புவித்தார்.

வாசலையே பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சகோதரனைப் பரலோகத்தில் சந்திப்பேன் என்று நம்புகிறேன். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதுவரை, இன்று மாலை வார்டில் எனக்காகக் காத்திருப்பவர்களின் பெயர்கள் நோட்டில் இருக்கின்றன. நான் போவேன். என்னால் முடியாவிட்டால், வேறொருவர் போவார்.

சோர்ந்துபோகிறவனுக்குப் பெலன் கொடுக்கிற தேவன், உங்களுக்குப் பெலனையும், அதோடு ஒரு துணையாளையும் தந்தருள்வாராக. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில் உங்கள் அன்புள்ள,
மருத்துவமனைப் போதகர்